லமாரின் தொப்பியில் ஒரு காக்கை இறகு

லமார் ஹெட்ரிக் மூன்று வருடங்களாகச் சொல்லிவந்த ஒரு பொய்க்கு அந்தச் சனிக்கிழமை காலையில் ஒரு காக்கை தேவைப்பட்டது. செத்த காக்கை. அதுவும் ஞாயிறு காலை பத்து மணிக்குள்.

பென்சில்வேனியாவின் அந்தப் பள்ளத்தாக்கில் நாற்பது பேர் சேர்ந்து நடத்தும் தீக்கல் கழகத்தில் யாரும் தோட்டா போட்ட துப்பாக்கியைத் தொடுவதில்லை. அவர்களுடையது பழங்காலத் துப்பாக்கி, உள்ளே வரி வெட்டாத வழுவழுப்பான நீளக் குழல். அதன் வாய் வழியாகக் கருமருந்து, அடைப்பு, ஈய ரவை எல்லாவற்றையும் போட்டுக் கோலால் கெட்டிக்க வேண்டும். விசையை அழுத்தினால் குதிரை என்று சொல்லும் சுத்தியலின் வாயில் இருக்கும் சிக்கிமுக்கிக் கல் எஃகில் உரசும். பொறி பக்கத்துக் கிண்ணியில் உள்ள பொடி மருந்தில் விழும். அங்கிருந்து சிறிய துளை வழியாக நெருப்பு உள்ளே போய்ச் சேரும். போய்ச் சேர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பாதி நாள் சேராது.

கெட்டிக்கும்போது அந்தத் துளை அடைபடாமல் இருக்க அதில் ஒரு இறகைச் செருகி வைத்து, பிறகு உருவிவிடுவார்கள். இங்கேதான் கழகத்தின் கௌரவமே இருக்கிறது. சாதாரண ஆளுக்குக் கோழி இறகு. இந்தத் துப்பாக்கியால் ஒரு காக்கையை வீழ்த்தியவருக்கு மட்டும் காக்கை இறகு. வேலை முடிந்ததும் அதைத் தொப்பியில் குத்திக்கொள்ளலாம். கழகத்தின் கேப்டனைத் தவிர ஒன்பது பேர் அப்படிக் குத்தியிருந்தார்கள். ஆண்டு விழாவில் முதல் வேட்டுப் போடும் உரிமை அந்த ஒன்பது பேருக்குள் சுற்றி வரும். இந்த வருடம் லமாரின் முறை.

அவன் அதற்காகப் புதுக் காலுறை வாங்கிவிட்டான். கழகத்தார் விழாவுக்குப் போடும் பழங்கால உடைக்கு ஏற்ற, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அவன் மச்சான் கிளேட்டன் எழுந்து, "லமாரோட காக்காவ யார் பார்த்தது?" என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. கழகத்தின் கேப்டன் ஆர்லீன் கிளிங்கர் தன் மூன்று முனைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தீர்ப்புச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை விழாவுக்குள்ள கிளேட்டன் கண்ணு முன்னால ஒண்ணு சுட்டுக் காட்டு. இல்லேன்னா எல்லார் முன்னாடியும் அந்த இறகை எடுத்துட்டுக் கோழி இறகு குத்தறேன். என் சோளக்கொல்லைப் பிளாஸ்டிக் ஆந்தையை வேணா எடுத்துட்டுப் போ. பத்திரம்."

அந்த மாநிலத்தில் காக்கை சுட வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான் அனுமதி. வெள்ளிக்கிழமை முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. ஆக மிச்சம் இருந்தது சனிக்கிழமை.

லமாரின் பச்சை டிரக்கை அந்த ஊர்க் காக்கைகளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவன் மனைவி வெர்னா முட்டை விற்கும் வேனில் கிளம்பினார்கள். வெர்னா ஓட்டினாள். பின்னால் முட்டைத் தட்டுகளுக்கு நடுவில் துப்பாக்கி, ஆந்தை, கிளேட்டன்.

"மாப்ளே, மூணு வருஷத்துக்கு முன்னால சுட்டியே, அந்தக் காக்கா என்ன சைஸ்?" என்று கிளேட்டன் பின்னாலிருந்து ஆரம்பித்தார்.

"சாதாரண சைஸ்தான் மச்சான்."

"மொத வருஷம் புறா அளவு இருந்துச்சு. போன வருஷம் வான்கோழி ஆயிடுச்சு. இன்னும் ரெண்டு வருஷம் விட்டா, அதைத் தூக்க கிரேன் வந்துச்சுன்னு சொல்லுவே."

லமார் ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்தான். நடந்தது இதுதான். மூன்று வருடம் முன்பு, இதே போல ஒரு செப்டம்பரில், அவன் ஒரு காக்கையைப் பார்த்துச் சுட்டான். புகை கண்ணை மறைத்தது. புகை விலகியபோது காக்கை இல்லை. தரையில் ஒரு இறகு மட்டும் கிடந்தது. 'பட்டுத்தான் இருக்கும், ஓடைக்கு அந்தப் பக்கம் விழுந்திருக்கும்' என்று அன்று மாலை தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மறுநாள் அதையே கழகத்தில் சொன்னான். அதற்குப் பிறகு அந்தக் காக்கை அவனுடைய பேச்சைக் கேட்கவில்லை, அதுபாட்டுக்கு வளர்ந்தது.

சோளம் அறுத்த வயலின் ஓரத்தில் வேனை நிறுத்தினார்கள். மூட்டமும் பனியுமாக இருந்தது. ஒரு சத்தம் இல்லை. புல் நுனியெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. கிளேட்டன் இறங்கியதும் முதல் வேலையாகத் தன் தொப்பி மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து முடிச்சுப் போட்டார்.

"எதுக்கு மச்சான்?"

"பனி. தொப்பி பழசு. மண்டை அதைவிடப் பழசு."

பைக்குள்ளிருந்து அவருடைய காக்கை இறகு பளபளத்தது. பதினொரு வருடமாக அப்படியே புதுசு போல இருக்கும் இறகு. மற்றவர்கள் தங்கள் இறகைத் துளையில் செருகுவார்கள். கிளேட்டன் மட்டும் பல்குச்சிதான் செருகுவார். இறகு தேய்ந்துவிடுமாம்.

காக்கைகள் சண்டைக்கு வரட்டும் என்று லமார் ஆந்தையை வேலிக் கம்பத்தில் மாட்டினான். இருபத்தைந்து அடி தள்ளிப் புதருக்குப் பின்னால் சாக்குத் துணியைக் கட்டி உட்கார்ந்தான். பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டுக் கிளேட்டன். அவர் கையில் ஸ்க்ராப்பிள் வைத்த ரொட்டி, பன்றி இறைச்சியும் சோளமாவும் சேர்த்துப் பொரித்த அந்த மணம் வயல் முழுக்கப் பரவியது. வெர்னா வேன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்தாள்.

வாயில் ஊதுகுழலை வைத்து லமார் காக்கை மாதிரி கத்தினான்.

"ஏழு எழுத்து," என்றாள் வெர்னா வேனிலிருந்து. "சளி பிடிச்ச வாத்து."

"அது குறுக்கெழுத்துல இருக்கா?"

"இல்ல. நீ கத்தினது அப்படி இருந்துச்சு."

ஆனால் காக்கைகள் வந்தன. முதலில் ஒன்று ஓக் மர உச்சியில் உட்கார்ந்து நோட்டம் பார்த்தது. அப்புறம் நாலு. அப்புறம் பதினைந்து இருபது. ஆந்தையைக் கண்டதும் எல்லாமாகச் சேர்ந்து ஊரைக் கூட்டின. லமார் தொப்பியிலிருந்த இறகை எடுத்துத் துளையில் செருகினான். கருமருந்து போட்டான், அடைத்தான், ரவை போட்டான், மறுபடி அடைத்தான், கோலால் கெட்டித்தான். கண் மட்டும் மரத்து மேலேயே இருந்தது. கண்ணை எடுக்காமலே கிண்ணியில் பொடி மருந்தைத் தூவி மூடினான். மூடி சரியாக மூடவில்லை. ஒரு கறுப்பு நுனி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது.

இதைக் கிளேட்டன் பார்த்தார். மென்றுகொண்டிருந்த ரொட்டியை நிறுத்தினார். பிறகு நிதானமாக மறுபடி மென்றார்.

பெரிய காக்கை ஒன்று தாழ்வாக வந்தது. லமார் குறி வைத்து விசையை இழுத்தான்.

புஸ்ஸ் என்றது. அவ்வளவுதான். கிண்ணியில் மட்டும் மருந்து எரிந்து, பார்பர் கடையில் முடி கருகினது போல ஒரு நாற்றம் வந்தது. லமார் குனிந்து பார்த்தான். மூன்று வருடம் தொப்பியில் இருந்த இறகு துளையில் செருகியபடியே, கருகி, சுருண்டு, ஒரு தீக்குச்சி அளவுக்குக் குறுகியிருந்தது.

"இறகை எடுக்கலே மாப்ளே," என்றார் கிளேட்டன்.

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"நான் சாட்சி. சாட்சி உதவக் கூடாது." அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. சிரித்தார். சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்தது, நாற்காலியோடு அவரும் சாய்ந்தார். தொப்பி உருண்டு போய்ப் பனிப் புல்லில் விழுந்தது. பை எங்கேயோ போயிற்று. கிளேட்டனுக்குச் சிரிப்பு சட்டென்று நின்றது. தவழ்ந்து போய் இறகைப் பிடித்துத் தொப்பியைத் தூக்கி, சட்டையில் துடைத்து, பையைத் தேடி மறுபடி கட்டினார். அடிபட்ட கோழிக்குஞ்சைக் கூட யாரும் அவ்வளவு பதமாகத் தூக்கியிருக்க மாட்டார்கள்.

காக்கைகள் ஓடிப்போகவில்லை என்பதுதான் பெரிய அவமானம். புஸ்ஸ் என்றதைக் கேட்டுவிட்டு அவை இன்னும் கிட்டே வந்தன. பெரிய காக்கை நேராக வந்து பிளாஸ்டிக் ஆந்தையின் தலை மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்து லமாரைப் பார்த்தது.

லமார் கம்பியால் துளையைக் குடைந்தான். கருகிய இறகின் மிச்சம் வெளியே வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு புதிதாகப் பொடி தூவினான். இந்த முறை கிண்ணியை மூன்று தடவை பார்த்தான். காக்கை அசையவில்லை. இருபத்தைந்து அடி. ஒரு மனிதனுக்கு இதைவிட நல்ல வாய்ப்பைக் காக்கை இனம் தந்ததில்லை.

இழுத்தான். ஒரு கணம் ஒன்றும் இல்லை. அந்த ஒரு கணத்தில் காக்கை, அவசரமே இல்லாமல், எழும்பியது. பிறகுதான் துப்பாக்கி வெடித்தது.

வயல் முழுக்க வெள்ளைப் புகை. காற்றே இல்லாததால் அது நகரவே இல்லை. கிளேட்டன் இருமிக்கொண்டே, "பட்டுதா? எனக்கு ஒண்ணும் தெரியலே" என்றார்.

லமார் குனிந்தபடி இருந்ததால் அவனுக்குப் புகைக்குக் கீழே தெரிந்தது. காக்கை சோளத் தட்டைக்கு மேலாகச் சௌக்கியமாகப் பறந்து போயிற்று. இடது இறக்கையில் ஒரு இறகு இல்லாத இடைவெளி மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. இறகு உதிர்கிற பருவம். அந்த இறகு இப்போதுதான் ஆடி ஆடிக் கீழே வந்து, லமாரின் புதுக் காலுறை மேல் உட்கார்ந்தது.

அப்படியே மூன்று வருடம் முன்பு நடந்தது போலவே. இப்போது அவன் தெளிவாகப் பார்த்துவிட்டான். இனி 'பட்டிருக்கும்' என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ள வழியில்லை.

புகை விலகியது. கம்பத்தில் ஆந்தை இருந்தது. தலை இல்லை.

"கேப்டனோட ஆந்தை," என்றாள் வெர்னா.

இரண்டு ஆண்களும் ஓடைக்குப் போய்க் கை கழுவினார்கள். கருமருந்துக் கரி தண்ணீர் பட்டதும் போய்விடும். சோப்பு கூட வேண்டாம். கழகத்தில் எல்லோருக்கும் அது தெரியும். லமாரின் கை இரண்டே அலசலில் வெளுத்தது. கிளேட்டன் தேய்த்தார். மணலைப் போட்டுத் தேய்த்தார். புல்லைப் பிடுங்கித் தேய்த்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கறுப்பாகவே இருந்தன.

லமார் பார்த்துக்கொண்டே இருந்தான். "மச்சான், நீங்க இன்னிக்கித் துப்பாக்கியையே தொடலையே."

"புகை. உன் புகைதான் வந்து ஒட்டிக்கிச்சு."

"புகை ரெண்டு விரல்ல மட்டுமா ஒட்டும்?"

கிளேட்டன் விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அதற்குள் வெர்னா வந்து அவர் தொப்பியிலிருந்த பையைக் கழற்றிவிட்டாள். இறகின் நடுப்பகுதி இப்போது அப்பட்டமான வெள்ளை.

"அண்ணா, இது என் கோழியோட இறகு."

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

"என் கோழி எனக்குத் தெரியாதா? பூட்ஸ் பாலிஷா போட்டே?"

பதினொரு வருடக் கதை ஓடைக் கரையில் உட்கார்ந்து வெளியே வந்தது. மாதத்துக்கு ஒரு முறை பாலிஷ். மழை நாளில் பை. துளையில் செருகினால் சாயம் போகும் என்பதால் பல்குச்சி.

"இந்த மாசம் என் வாசல் முழுக்க நெஜக் காக்கா இறகு உதிர்ந்து கிடக்கு," என்றாள் வெர்னா. "தினம் பெருக்கித் தள்றேன். அதுல ஒண்ணை எடுத்துக் குத்திக்கிறதுக்கு என்ன?"

கிளேட்டன் உண்மையிலேயே புண்பட்டுப் போனார். "கீழ கிடந்ததைப் பொறுக்கி வெச்சுக்கிட்டு, சுட்டேன்னு சொல்றதா? அது ஏமாத்து வேலை இல்லையா?"

லமார் தன் காலுறையில் ஒட்டியிருந்த இறகைப் பார்த்தான். மெல்ல எடுத்துத் தொப்பியில் குத்திக்கொண்டான்.

"மாப்ளே, ஒரு ஏற்பாடு," என்றார் கிளேட்டன் குரலைத் தாழ்த்தி. "அந்தக் காக்கா விழுந்ததை நான் பார்த்தேன். என் விரலை நீ பார்க்கலே."

"ஆந்தை?"

"ஆந்தையை யாருமே பார்க்கலே."

வெர்னா ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு வேனுக்குத் திரும்பினாள். "ஏழு எழுத்து, பொய் சொல்றவங்களுக்கு ஒரு பேரு. கிடைச்சிருச்சு," என்றாள். என்ன சொல் என்று அவர்கள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கழக மைதானத்தில் கிளேட்டன் நெஞ்சில் கை வைத்துச் சாட்சி சொன்னார். காக்கை விழுந்ததாம், இறக்கை அடித்ததாம், கண்ணில் ஒரு மன்னிப்பு தெரிந்ததாம். ஆர்லீன் தலையாட்டினாள். "காக்கை இறகு வெச்சிருக்கற ஒன்பது பேரும் முன்னால வாங்க."

ஒன்பது பேர் வரிசையாக நின்றார்கள். லமார் நடுவில், புதுக் காலுறையில். பொடி மருந்தெல்லாம் போட்டுத் தயாராக இருந்தான். மனம் மட்டும் தயாராக இல்லை. கிளேட்டன் தொப்பியில் பை.

"விழால என்ன பிளாஸ்டிக் பை? கழட்டு," என்றாள் ஆர்லீன்.

அவர் கழற்றிய அதே நேரம் மழை பிடித்துக்கொண்டது. சாரலாக ஆரம்பித்து, ஒரு நிமிடத்தில் சடசடவென்று விழுந்தது. முதலில் கிளேட்டனின் நெற்றியில் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. நேற்று அவசரமாகப் பூசியது காயவே இல்லை. லமார் ஐயோ பாவம் என்று பார்த்தான். அப்புறம் அவருக்குப் பக்கத்து ஆளின் மூக்கில் ஊதாவாக ஒரு சொட்டு. அது பேனா மை. அடுத்தவருக்குப் பழுப்பு. அது தலைக்கு அடிக்கும் சாயம், அந்தக் கம்பெனிச் சாயத்தை லமார் தன் வீட்டுக் குளியலறையிலேயே பார்த்திருக்கிறான். வரிசை முழுக்க எட்டு முகங்களில் எட்டு விதமான கறுப்பு வடிந்தது. எட்டு வெள்ளைக் கோழி இறகுகள் தொப்பிகளில் துவண்டு நின்றன.

லமாரின் இறகு மட்டும் மழையில் கழுவிவிட்டது போலக் கறுத்து மின்னியது.

பிறகு எட்டுப் பேரும் மெல்லத் திரும்பி லமாரைப் பார்த்தார்கள். கண்ணில் மை கரிக்க, அவ்வளவு மரியாதையோடு பார்த்தார்கள். பேனா மை பூசியிருந்தவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

"ஒருத்தனாவது இருக்கானே," என்றாள் ஆர்லீன். அவள் இறகும் நல்ல கறுப்புதான். ஆனால் அவள் பெரிய குடைக்குள் நின்றுகொண்டிருந்தாள். குடையை விலக்கச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. "முதல் வேட்டு உன்னோடது லமார். போடு."

அந்த மரியாதைதான் அவனைக் கொன்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

"கேப்டன், காக்கா விழலே," என்றான். "இறகு தானா உதிர்ந்துச்சு. மூணு வருஷம் முன்னாலயும் அப்படித்தான். ஆந்தைதான் விழுந்துச்சு."

"எந்த ஆந்தை?"

"உங்களோடது. தலை மட்டும்."

ஆர்லீன் நீண்ட நேரம் யோசித்தாள். மழை குடையில் தாளம் போட்டது. "பொய்யோ நிஜமோ, இந்த வரிசையில காக்கா இறகு உன்கிட்டதான் இருக்கு. முதல் வேட்டுப் போடு. அப்புறம் ஆந்தைக்கு வர்றேன்."

லமார் துப்பாக்கியைத் தூக்கினான். மூன்று வருடக் கனவு. விசையை இழுத்தான்.

க்ளிக்.

மறுபடி இழுத்தான். க்ளிக். கிண்ணியில் மருந்து கஞ்சியாகியிருந்தது. மழையில் இந்தத் துப்பாக்கி வெடிக்காது என்பது அங்கிருந்த நாற்பது பேருக்கும் தெரியும். ஆனாலும் நாற்பது பேரும் முறைப்படி கைதட்டினார்கள். கிளேட்டன்தான் அதிகமாகத் தட்டினார். அவர் தட்டியபோது மழைத்தண்ணீர் கறுப்பாகத் தெறித்தது.

ஆந்தை விஷயத்துக்கு ஆர்லீன் அன்று மதியமே வந்தாள். புது ஆந்தை வரும்வரை, இன்னும் அறுக்காமல் இருந்த அவளுடைய சோளக்கொல்லைக்குக் காவல் வேண்டும். ஆகவே மழை விட்ட பிறகு, மூன்று முனைத் தொப்பியும் சேறு படிந்த காலுறையுமாக, லமார் கொல்லை நடுவில் ஆந்தையின் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றான். கையில் துப்பாக்கி கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம் மடக்கு நாற்காலியில் கிளேட்டன் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அவர் நெற்றி இன்னும் சரியாக வெளுக்கவில்லை.

"அசையாதே மாப்ளே. ஆந்தை அசையாது."

அப்போது அது வந்தது. இடது இறக்கையில் அந்த இடைவெளியோடு. ஒரு சுற்றுச் சுற்றியது. கம்பத்தில் உட்கார்ந்தது. லமாரின் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி. துப்பாக்கியோடு போன இத்தனை வருடத்தில் ஒரு காக்கை கூட இவ்வளவு கிட்டே வந்ததில்லை. அது தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தது. அப்புறம் அவன் தொப்பியைப் பார்த்தது. தத்தி, தொப்பி மேலேயே ஏறியது. லமார் மூச்சு விடவில்லை. மண்டை மேல் நகம் நகர்வது தெரிந்தது. ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு.

காக்கை தன் இறகை வாயில் கவ்விக்கொண்டு ஓக் மரத்தைப் பார்க்கப் பறந்து போயிற்று.

கிளேட்டன் வாயிலிருந்த ரொட்டியை விழுங்கினார். "மாப்ளே," என்றார், "இதுக்கு நான் சாட்சி."